படகில் போதும், கரையில் போதும்

ஆற்று மதகைத் திறந்து மூடுகிற மதகுக்காரம்மாவுக்குப் பெரிய அடுப்பைக் கொடுத்துவிடுவது என்று கோல்காரி முடிவெடுத்து மூன்று நாளாகிவிட்டது. இரட்டைத் திரி மண்ணெண்ணெய் அடுப்பு. பதினொரு வருஷம் படகில் கிடந்து கறுத்துப் போயிருந்ததை, மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதன் சொந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. இடது கையால் தேய்த்தாள். அந்த அடுப்புக்குப் பச்சை வர்ணம் உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

முந்தின துறையில் துணி ஊறவைக்கும் வாளி போயிற்று. அதற்கும் முந்தின துறையில் இரண்டு பாய், ஒரு மழைக்கோட்டு, கிழியாத நல்ல குடை ஒன்று. ஊர் நெருங்க நெருங்கப் படகு காலியாகிக்கொண்டே வந்தது. பின்கட்டில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் புருஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழசைத் தள்ளிவிடுகிறாள், ஊருக்குப் போனதும் புதுசு கேட்பாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். வாயைத் திறந்து கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவர் வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

அவரை ஆற்றில் எல்லோரும் சுக்கானி என்பார்கள். சுக்கான் பிடிப்பவர் என்பதால் சுக்கானி. அவளுக்குக் கோல்காரி என்று பெயர். படகின் முன் முனையில் நின்று ஆழம் பார்க்கும் மூங்கில் கோல் எப்போதும் அவள் கையில். இருபத்தெட்டு வருஷமாக இருவரும் ஓட்டுச் சூளைக்குப் படகு ஓட்டினார்கள். மேலே மலையடிவாரத்துச் சூளையில் கூரை ஓடு ஏற்றி, ஆற்றோரத்துத் துறைகளில் இறக்கிவிட்டு, மறுபடி மேலே போவது. வருஷத்தில் பதினொரு மாதம் தண்ணீர்மேல். ஒரு மாதம் மட்டும் ஆறு கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த வீட்டில்.

மூன்றாவது ஆள் மேஸ்திரி. மேஸ்திரி என்பது நாய். ஓடு ஏற்றும்போது பலகைக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். கூலியாட்களில் எவனாவது சுமையை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றால் குரைக்கும். சூளை முதலாளியே ஒரு தடவை, "இவனுக்கு ஒரு தொப்பி வாங்கிக் குடுத்துட்டா எனக்கு இங்க வேலையே இல்ல" என்றார். வயது பதிமூன்று. மீசை நரைத்துவிட்டது. அதிகாரம் குறையவில்லை.

சரக்கு இல்லாத படகு முனையைத் தூக்கிக்கொண்டு மிதக்கும். பின்கட்டில் நிற்பவருக்கு வானம் தெரியும், கரை மரங்கள் தெரியும், முன்னால் இருக்கும் தண்ணீர் மட்டும் தெரியாது. ஆற்றில் மணல் இன்றைக்கு ஓரிடத்தில் இருக்கும், அடுத்த மாதம் வேறிடத்தில் இருக்கும். அதனால் முனையில் ஒருத்தி நின்று கோலை இறக்கிப் பார்த்துச் சொல்லவேண்டும். கோலில் ஒரு சிவப்புப் பட்டை. தண்ணீர் பட்டைக்கு மேலே ஏறினால் "போதும்" என்று குரல் கொடுப்பாள். ஆழம் போதும், ஓட்டு என்று அர்த்தம். பட்டையிலேயே நின்றால் "பாத்து". பட்டைக்குக் கீழே இருந்தால் "ஆகாது". எதைச் சொன்னாலும் பின்கட்டிலிருந்து "சரி" என்று ஒரு குரல் திரும்பி வரும். அது வந்தால் அவருக்குக் கேட்டுவிட்டது என்று பொருள்.

மேஸ்திரிக்கும் இந்த மூன்று சொல்லும் அத்துப்படி. "போதும்" என்றால் அவள் காலடியில் படுத்துவிடும். "பாத்து" என்றால் எழுந்து உட்காரும். "ஆகாது" என்றால் பின்கட்டைப் பார்த்துத் திரும்பிக் குரைத்து, அவள் குரல் காற்றில் போய்விட்டாலும் செய்தியைச் சேர்த்துவிடும்.

மேஸ்திரியை வைத்துத்தான் விஷயமே ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், சூளைத் துறைக்குக் கீழே ஒரு துறையில், கடைசிச் சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பும் நேரம். கரையிலிருந்து படகுக்குத் தாவுவது மேஸ்திரிக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று தாவியபோது பின்னங்கால் வரவில்லை. படகுக்கும் கல்சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டது. படகு சுவரோடு வந்து ஒட்டினால் நசுங்கிப் போயிருக்கும். அவள் குப்புறப் படுத்து, கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்த தோளில் அன்றைக்கு இன்னும் ஏதோ பிடித்துக்கொண்டது. நனைந்த நாயை மடியில் போட்டுத் துவட்டியபடி முனையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாய் நடுங்கியது. அவளும் நடுங்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து சுக்கானி கேட்டார்:

"சூளைக்காரர் இன்னும் ரெண்டு வருஷம் கேக்குறார். ஓட்டலாமா? என்ன சொல்ற?"

நாலு மாதமாக அவள் இதற்குத்தான் பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். தோள்வலியில் ஆரம்பித்து, மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்று நடுவில் வந்து, ஆடாத தரையில் படுத்துத் தூங்கவேண்டும் என்று முடிக்கிற நீளமான பேச்சு. அன்று அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"போதும்ங்க" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

அவ்வளவுதான். அவளுக்கு நம்பவே முடியவில்லை. இந்த மனுஷன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று தெரிந்திருந்தால் நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டாமே என்று தோன்றியது. நாயின் ஈரத் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். சந்தோஷ அழுகைதான். அன்றைக்கே மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். அப்போதிருந்து மகள் தினமும் பேசினாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, ஜன்னல் கொக்கி மாற்றியாயிற்று, சமையல்கட்டில் அலமாரி எந்தப் பக்கம் வைக்க என்று கேட்டாள். "வலது பக்கம் வை. கை தூக்காம எடுக்குற மாதிரி தாழ்வா இருக்கணும்" என்று இவள் சொன்னாள். தன் வீட்டில் ஒரு பொருள் எங்கே இருக்கவேண்டும் என்று கல்யாணமாகி முதல்முதலாகச் சொல்கிறோம் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மதகு பகல் பதினொரு மணிக்கு வந்தது. மேலாறும் கீழாறும் ஒரே மட்டத்தில் இல்லாததால் நடுவில் இரண்டு கதவு போட்டுத் தொட்டி மாதிரி கட்டியிருந்தார்கள். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடுவார்கள். தண்ணீரை மெல்ல வடிப்பார்கள். படகு சுவரோரமாக இறங்கி இறங்கிக் கீழாற்று மட்டத்துக்கு வந்ததும் முன்கதவைத் திறப்பார்கள். இந்தச் சக்கரங்களைச் சுற்றுகிற உத்தியோகம் மதகுக்காரம்மாவுக்கு. கையில் பலம், வாயில் அதைவிடப் பலம்.

"அடியாத்தி, எனக்கா இது?" என்று அடுப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புதுசா இருக்கேக்கா! உனக்கு வேணாமா?"

"வீட்ல கேஸ் அடுப்பு இருக்குல்ல."

"வீட்ல இருந்தா? படகுல எதுல ஆக்குவ?"

"சின்ன அடுப்பு இருக்கு. இன்னும் ரெண்டு வேளை ஆக்கணும், அவ்வளவுதான்."

மதகுக்காரம்மா அடுப்பைச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றப் போனாள். தண்ணீர் வடிய ஆரம்பித்தது. படகு இறங்கியது. பேசிக்கொண்டிருந்தவளின் முகம் முதலில் நேராக இருந்தது, பிறகு தலைக்கு மேலே போனது, பிறகு அண்ணாந்து பார்க்கவேண்டியதாயிற்று. சுவரில் பாசி வழிந்தது. மேலே இருப்பவள் பேச்சை நிறுத்தவில்லை, குரலைத்தான் கூட்டினாள்.

"அக்கா! அடுத்த மாசம் மேல வர்றப்ப உங்க ஊரு உப்பு ஒரு மூட்டை கொண்டாந்துரு!"

"நான் எங்கடி வர்றேன் அடுத்த மாசம்?"

"வராம? அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டாராமே! சூளைலேர்ந்து சீட்டு வந்துருச்சே, உங்க படகு பேரு போட்டு. ரெண்டு வருஷத்துக்கும் கதவு திறக்கணும்னு!"

கோல்காரி கோலைச் சுவரில் ஊன்றியிருந்தாள். அப்படியே நின்றாள். சுவர் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

திரும்பிப் பின்கட்டைப் பார்த்தாள். புருஷன் அண்ணாந்து மதகுக்காரம்மாவுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. பொய் சொல்லிவிட்டு இப்படிக் கையை ஆட்டுகிற அளவுக்கு இந்த மனுஷன் எப்போது தேறினார்?

முன்கதவு திறந்தது. படகு கீழாற்றுக்குள் நுழைந்தது. கோலை இறக்கினாள். பட்டை நன்றாக நனைந்தது. சொல்லவேண்டிய சொல் வாயில் வந்து கசந்தது.

"போதும்" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

"சரி" என்று வந்தது பதில்.

மத்தியானம் சின்ன அடுப்பில் சோறு வைத்து, நாலு வெங்காயத்தை நறுக்கி வதக்கி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினாள். தட்டை அவர் பக்கத்தில் வைத்த சத்தத்தில் மேஸ்திரி எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தது. சுக்கானி ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட்டார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

"இருக்கும்."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

இந்த "நல்லாத்தான் இருக்கேன்" என்பதன் கனம் அவருக்குத் தெரியும். ஆனால் எதற்கு என்பது தெரியவில்லை. காலையிலிருந்து தான் என்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். டீ டம்ளரைக் கழுவாமல் வைத்தது ஞாபகம் வந்தது. போய்க் கழுவி வைத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கேட்டால் அழுகை வரும், அழுதால் கோல் பார்க்க முடியாது. தவிர, சரி என்று வாயாரச் சொல்லிவிட்டு முதுகுக்குப் பின்னால் போய் ஒத்துக்கொண்ட ஆளிடம் என்னத்தைக் கேட்பது? சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். அலமாரி வைத்தாயிற்றாம். "நல்லது" என்று சொல்லிச் சீக்கிரமாக வைத்துவிட்டாள். இருட்டுவதற்கு முன்னால் ஒரு வளைவில் நங்கூரம் போட்டார்கள். இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்தார்கள். நடுவில் கிடந்த மேஸ்திரிக்கு யார் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை.

காலையில் ஆறு அகலமாகிவிட்டது. தூரத்தில் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டாவது தெருவில் அவர்கள் வீடு. காற்றில் உப்பு வாசனை. மேஸ்திரி மூக்கைத் தூக்கி மோந்துவிட்டு வாலை ஆட்டியது.

"போதும்."

"சரி."

"போதும்."

"சரி."

எந்திரம் மிதமாக ஓடியது. படகு தொட்டியைப் பார்த்துப் போனது. வழக்கமாக ஆழமாக இருக்கும் நடுவாற்றில் ஒரு தடவை கோலை இறக்கினாள். கோல் சட்டென்று தரைதட்டியது. குனிந்து பார்த்தாள். தண்ணீர் பட்டைக்கு ஒரு சாண் கீழே. மணல் திட்டு இந்த வருஷம் இங்கே நகர்ந்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவள் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இப்போது "போதும்" என்று சொன்னால் என்ன ஆகும்? அவர் சரி என்பார். எந்திரத்தைக் கூட்டுவார். முனை எப்படியும் திட்டைத் தாண்டி வழுக்கிப் போய்விடும். கனமான பின்பக்கம்தான் போய் மோதும். சுக்கான் உடையும். அதைச் செய்து பூட்ட நாலைந்து மாதம் ஆகும். அதுவரை சூளைக்காரர் காத்திருக்க மாட்டார், வேறு படகைப் பார்த்துக்கொள்வார். ஒருவர்மேலும் பழி வராது. மணல் நகர்ந்துவிட்டது, கோல்காரிக்கு ஒரு தடவை தப்பிவிட்டது என்பார்கள். ஒரே ஒரு சொல். அதுவும் தினம் நூறு தடவை சொல்கிற சொல்.

காலடியில் மேஸ்திரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. படுப்பதா, உட்காருவதா, குரைப்பதா என்று அதற்குத் தெரியவேண்டும். போதும் என்றால் நம்பிக்கொண்டு படுத்துவிடும். பின்கட்டில் இருப்பவரும் அப்படித்தான், நம்பிக்கொண்டு ஓட்டிவிடுவார். அவருக்கு முன்னால் வானம்தான் தெரியும்.

"ஆகாது!" என்று கத்தினாள். "ஆகாது! ஆகாது!"

மேஸ்திரி திரும்பிக் குரைத்தது. எந்திரம் பின்னோக்கிச் சுழன்றது. படகு உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முனைக்குக் கீழே கலங்கிய தண்ணீரில் மணல் சுழன்று அடங்கியது.

நங்கூரம் போட்டுவிட்டு அவர் முன்னால் வந்தார். எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நல்லவேளை. இங்க எப்பவும் ஆழமா இருக்குமே?"

"மண்ணு நகந்துருக்கு."

"கடல் தண்ணி ஏறட்டும். மூணு மணி நேரம் ஆகும்." நின்றார். போகாமல் நின்றார். "இரு, வர்றேன்" என்று படகின் வயிற்றுக்குள் இறங்கிப் போனார். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து நீளமாக எதையோ உருவி எடுத்துக்கொண்டு வந்தார்.

அது ஒரு கோல். மூங்கில் இல்லை, உள்ளே வெற்றான அலுமினியக் குழாய். முனையில் ரப்பர் மாட்டியிருந்தது. சிவப்புப் பட்டையை அவரே அடித்திருந்தார். பட்டை கோணலாக இருந்தது.

"ஊருக்குப் போயி குடுக்கலாம்னு இருந்தேன். நீ நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கியே, அதான்... தூக்கிப் பாரு, இறகு மாதிரி இருக்கும். உனக்குத் தோள் வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவள் வாங்கவில்லை. "இது எதுக்கு?"

"எதுக்கா? இன்னும் ரெண்டு வருஷம் அந்த மூங்கிலையா தூக்கிட்டு நிப்ப?"

"ரெண்டு வருஷம் நிக்கிறேன்னு யாரு சொன்னா?"

"நீதான்."

"நானா?"

"பின்ன யாரு, மேஸ்திரியா? அவன் தண்ணில விழுந்த அன்னிக்கு. ஓட்டலாமான்னு கேட்டேன். போதும்ன."

"போதும்னுதானே சொன்னேன்!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு மூன்று தடவை "போதும்" காதில் விழுந்ததில் மேஸ்திரி படுத்துவிட்டது. மறுபடி விழுந்ததும் இதற்குமேல் எப்படிப் படுப்பது என்று தெரியாமல் தாடையையும் தரையில் வைத்துக்கொண்டது.

முதலில் அவளுக்குத்தான் புரிந்தது. முனையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. வீட்ல சோறு போடுறப்ப போதும்னு சொன்னா என்ன அர்த்தம்?"

"போடாத, நிறுத்துன்னு அர்த்தம்."

"ஊர்ல ஒரு மனுஷி போதும்னு சொன்னா?"

"அதுவும்..." என்று ஆரம்பித்தவர் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. "நீ கோலப் பிடிச்சிக்கிட்டு இருந்தியே?"

"கோலக் கீழ போட்டுட்டு நாயப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? சரக்கு இறக்கியாச்சு, முனை தூக்கிக்கிச்சு. உன் குரல்தான் கேட்டுச்சு. முனையிலேர்ந்து போதும்னு வந்தா நான் என்ன பண்ணுவேன்? ஓட்டுவேன்."

"நீங்க சரின்னீங்க."

"நான் எதுக்குத்தான் சரின்னு சொல்லல?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து கோணல் பட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக அவரும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார். பெண்டாட்டி முரண்டு பிடிப்பாள் என்று பயந்து கேட்டதும், அவள் ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டதும் அவருக்கும் நம்ப முடியாமல்தான் இருந்ததாம்.

"அப்ப பாய், வாளி, அடுப்பெல்லாம்..." என்றார்.

"வீட்டோட இருக்கப் போறோம்னு குடுத்தேன்."

"நீ புதுசு கேப்பன்னு நான் நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமே?"

"நீயும்தான் நேத்தே கேட்டிருக்கலாம்."

அவள் எழுந்து சின்ன அடுப்பில் டீ போட்டாள். இரண்டு டம்ளரில் ஊற்றி, பிஸ்கட்டை மூன்று பங்காக வைத்தாள். மேஸ்திரி தன் பங்கைத் தின்றுவிட்டு அவர் பங்கைப் பார்த்தது. கரைச்சேற்றில் கொக்குகள் நின்றன. தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சேறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது.

"வாக்குக் குடுத்துட்டேனே" என்றார் அவர். "சூளைக்காரர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"பொண்டாட்டி சொன்னது தப்பா விளங்கிருச்சுன்னு சொல்லுங்க."

"ஆறு முழுக்கச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "அது இல்ல" என்றார். "கரையில நான் என்ன பண்ணுவேன்? அந்த ஒரு மாசமே எனக்கு ஓடாது. தெருவுல போனா யாருகிட்ட என்ன பேசுறதுன்னு தெரியல. வீட்டுக்குள்ள எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு தெரியல. உனக்குத் தெரியாது, எனக்குப் பயமா இருக்கு."

இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் பயம் என்ற சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை. வெள்ளத்தில் கயிறு அறுந்தபோதுகூடச் சொல்லவில்லை. அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனால் அதற்காகத் தன் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"எனக்கும்தான் தெரியாது" என்றாள். "நான் மட்டும் கரையிலயா இருந்தேன்? தெரியாம ரெண்டு பேரும் உக்காந்திருப்போம். மேஸ்திரியும் உக்காந்திருப்பான். இவனால இனிமே தாவ முடியாதுங்க. என்னாலயும் இந்தக் கையத் தூக்க முடியல. அலுமினியத்துல குடுத்தாலும் கை என் கைதானே?"

அவர் கோணல் பட்டையை மறுபடி தடவினார்.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றாள். "கொஞ்ச முன்னாடி, மண்ணு தட்டுனப்ப, மாத்திச் சொல்லிரலாமான்னு நெனச்சேன். சுக்கான் உடைஞ்சா நீங்க போக முடியாதுல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"சொல்லியிருந்தா ஓட்டியிருப்பேன்" என்றார்.

"தெரியும். அதான் சொல்லல."

பத்தரை மணிக்குக் கோலை இறக்கிப் பார்த்தாள். பழைய மூங்கில் கோல்தான். பட்டை நனைந்திருந்தது. அவர் பின்கட்டுக்குப் போய் எந்திரத்தைக் கிளப்பினார். படகு திட்டின்மேல் மெதுவாக ஏறியது.

"பாத்து."

"சரி."

"பாத்து... பாத்து..."

"சரி."

"போதும்."

பதில் வரவில்லை. அவள் திரும்பினாள். அவர் எந்திரத்தின்மேல் குனிந்திருந்தார், முகம் தெரியவில்லை. எந்திரச் சத்தம் மட்டும் ஒரு நிமிஷம் அப்படியே இருந்தது.

"படகு போதும்தானே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"படகு போதும்தான்! ஓட்டுங்க!"

"சரி."

துறையில் கூட்டத்தோடு மகள் நின்றிருந்தாள். சுக்கானி முதலில் மேஸ்திரியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக் கரையில் இறக்கினார். இத்தனை பேர் முன்னால் தூக்கிவிட்டார்களே என்று அதற்கு அவமானம்; உடம்பை உதறிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது. அவளுக்கும் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

"நீங்க போங்க. கயிறு கட்டிட்டு வர்றேன்" என்றார்.

கயிறு கட்டுவதற்கு இரண்டு நிமிஷம் போதும். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு அவள் நடந்தாள். தெருமுனை திரும்பும்போது துறையிலிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக். மரத்தில் சுத்தியல் விழும் சத்தம்.

"அப்பா என்னம்மா பண்றாரு?" என்றாள் மகள்.

அவளுக்குத் தெரியும். சுக்கானின் மரப்பிடி ஆறடி நீளம். அதை ஒரு ஆப்பு அடித்து இறுக்கியிருக்கும். எந்த வருஷமும் அவர் அதைக் கழற்றியதில்லை. ஒரு மாதத்தில் மறுபடி மாட்டத்தானே போகிறோம் என்று படகிலேயே விட்டுவிட்டு வருவார். அவள், வேகமாக நடந்தால் ஏதாவது கலைந்துவிடும் என்பதுபோல மெதுவாக நடந்தாள்.

வீட்டில் சுண்ணாம்பு வாசனை. சமையல்கட்டில் வலது பக்கம், கை தூக்காமல் எடுக்கிற மாதிரி தாழ்வாக, அலமாரி. திறந்து மூடிப் பார்த்தாள். மறுபடி திறந்து மூடினாள். உள்ளே இன்னும் ஒன்றும் இல்லை.

வாசலில் நிழல் விழுந்தது. தோளில் மரப்பிடியோடு சுக்கானி நின்றார். இருபத்தெட்டு வருஷம் பிடித்த இடத்தில் அது பளபளவென்று தேய்ந்திருந்தது.

"பேசிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னார்?"

"முதல்ல பேச்சே வரல அவருக்கு. சிரிச்சிக்கிட்டே இருந்தார். அப்புறம் வேற படகு பாத்துக்குறேன்னார். உன்னயும் மேஸ்திரியையும் கேட்டதா சொல்லச் சொன்னார்." தோளை மாற்றிக்கொண்டார். வீட்டுக்குள் கண்ணை ஓட்டினார். எங்கே காலை வைப்பது என்று தெரியாத ஆள் போலத்தான் நின்றார். "இத எங்க வைக்கிறது?"

அவள் யோசித்தாள். "கதவுக்குப் பின்னாடி சாத்துங்க. கீழ் நுனி சுவர ஒட்டி இருக்கணும். வர்றவங்க கால்ல தட்டக்கூடாது."

அவர் பிடியைச் சுவரில் சாய்த்து, கீழ் நுனியைக் காலால் தள்ளினார்.

"இன்னும் உள்ள."

தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம்... பாத்து, சுண்ணாம்பு பேந்துரும்..."

மேஸ்திரி எழுந்து உட்கார்ந்தது.

"போதும்" என்றாள்.

மேஸ்திரி படுத்தது. சுக்கானியின் கால் பிடியின் மேலேயே இருந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காலை எடுத்துக்கொண்டார். அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டு அவர் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.